சார்னியா மாதிரி சின்ன ஊர் கிரே கோப்பையை ஜெயித்ததா?

புதுவரவு: வேலைக்காக ஒன்டாரியோவில் சார்னியாவுக்கு வந்திருக்கிறேன். ஷிஃப்டில் ஒரு பெரியவர், "எங்க ஊரு ரெண்டு தடவை கிரே கோப்பை ஜெயிச்ச ஊரு" என்கிறார். அது கனடியன் ஃபுட்பாலின் (அமெரிக்க ஃபுட்பால் போல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) தொழில்முறைக் கோப்பை ஆயிற்றே? அப்போது ஆடியவர்கள் அமெச்சூர்கள் என்றும் சொல்கிறார். கதை விடுகிறாரா?

ஏரிக்கரையான்: கதை இல்லை தம்பி. 1934, 1936. அணியின் பெயர் சார்னியா இம்பீரியல்ஸ். பெயர் வந்ததே இம்பீரியல் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்திலிருந்துதான். ஆட்டக்காரர்களில் பலர் அங்கே சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தவர்கள். நம்மூரில் ஹாக்கி, கபடி நன்றாக ஆடுபவனை ரயில்வே எடுத்துக்கொள்ளுமே, அந்தக் கணக்கு. 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் ஆலை வேலை என்றால் சும்மாவா!

அவர்கள் ஆடிய லீக்கின் பெயர் ஒன்டாரியோ ரக்பி ஃபுட்பால் யூனியன். 1883-லிருந்து இருந்தது. அணிக்கு 12 பேர், மூன்று முயற்சிக்குள் பந்தை 10 கெஜம் முன்னேற்ற வேண்டும் என்ற பர்ன்சைட் விதிகளை 1903-ல் ஏற்றதும் இந்த அமெச்சூர் லீக்தான். கனடாவில் இன்றைக்கும் அதே கணக்கு.

எனக்குப் பிடித்தது அவர்கள் தோற்ற ஆட்டம். 1933 இறுதி ஆட்டம் சார்னியாவிலேயே நடந்தது. டொரோண்டோ ஆர்கோனாட்ஸ் 4, சார்னியா 3. டச்டவுனுக்கு, அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவதற்கு, அப்போது 5 புள்ளி, அதனால் இரண்டு பக்கமும் ஒன்றுகூட இல்லை என்பது தெரிகிறது. உள்ளூர்க் கூட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும்! மறு வருஷம் இறுதி ஆட்டத்தில் மேற்குக் கனடாவின் ரெஜைனா அணியை 20–12 என்று அடித்தார்கள்.

பனிமலை: அண்ணா, 1936-ஐ மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். ரெஜைனாவின் அமெரிக்க ஆட்டக்காரர்களை ஏற்க மாட்டோம் என்று போட்டியை நடத்திய சங்கம் சொல்லிவிட்டதால் மேற்கிலிருந்து யாரும் வரவே இல்லை.

ஏரிக்கரையான்: வரவில்லை, சரி. ஒட்டாவாவை 26–20 என்று ஜெயித்தது பொய்யாகிவிடுமா?

புதுவரவு: அப்புறம் ஏன் நின்றது?

ஏரிக்கரையான்: காசுதான். பெருநகர அணிகள் சம்பளம் கொடுத்து அமெரிக்கர்களை இறக்கின. ஆலை வேலையைக் காட்டி எத்தனை நாள் ஈடுகொடுப்பது? 1954-ல் இந்த லீக்கின் கிச்சனர்-வாட்டர்லூ டச்மென் அணி மேற்கின் எட்மன்டன் அணியிடம் மோசமாகத் தோற்றது. அதோடு இந்த லீக் கிரே கோப்பைக்குப் போட்டியிடுவதை விட்டுவிட்டது.

இம்பீரியல்ஸ் பெயரில் இன்றும் ஓர் அமெச்சூர் அணி கோடையில் ஆடுகிறது. நார்மன் பெர்ரி பூங்காவில் விசாரியுங்கள். அந்தப் பெர்ரியும் பழைய இம்பீரியல்ஸ் ஆட்டக்காரர்தான், பிறகு ஊருக்கே மேயரானவர்.