கென்னனின் தந்தியில் எத்தனை சொற்கள்?

வைகைக்கரையான்:
“பன்னாட்டு உறவுக் கோட்பாடு என்பது பேராசிரியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் கடிதம், அதைப் படித்து எந்த அரசும் வெளியுறவுக் கொள்கை வகுத்ததில்லை” என்று ஊசிமுனை அவர்கள் நேற்று வேறோர் இழையில் தீர்ப்பெழுதியிருந்தார். 1946 பிப்ரவரி 22 அன்று, மாஸ்கோவில் சளியும் பல்வலியுமாகப் படுக்கையில் கிடந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன், செயலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்த எட்டாயிரம் சொல் தந்தியை அவர் கேள்விப்பட்டதில்லை போலும். சோவியத் ஒன்றியம் ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அது விளக்கியது; கடற்படை அமைச்சர் ஃபாரஸ்டல் அதைப் பிரதியெடுத்து அதிகாரிகளிடையே சுற்றுக்கு விட்டார்; மறு ஆண்டே கென்னன் வெளியுறவுத் துறையின் கொள்கைத் திட்டக் குழுவுக்கு முதல் தலைவரானார். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

ஊசிமுனை:
எட்டாயிரம் அல்ல, ஐயாயிரத்துச் சொச்சம். தந்தியைப் பார்க்காமலே அதன் பெருமையைப் பாடுகிறீர்கள்.

வைகைக்கரையான்:
எட்டாயிரம் என்பது என் கணக்கன்று, கென்னனே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியது. அந்நூல் 1968-இல் புலிட்சர் பரிசு பெற்றது. தாங்கள் பெற்ற பரிசு எதுவென்று அறிந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

மூன்றாம் வரிசை:
ஐயா, கோட்பாடு என்று எதைச் சொல்கிறோம்? பல ஆண்டு அனுபவத்திலிருந்து ஒரு தூதரக அதிகாரி எழுதிய அறிக்கையும் அதில் அடங்குமா?

ஊசிமுனை:
பெற்ற தகப்பனே பிள்ளையின் வயதைத் தவறாகச் சொன்னால் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பதுதான் முறை. தந்தி முழுமையாக அச்சில் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். சென்ற மாதம் ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டை 1954-இல் நடத்தி முடித்தவரும் தாங்கள்தானே? 1954 பஞ்சசீலம், 1955 பாண்டுங்.

வைகைக்கரையான்:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொல்லிவிட்டேன்.

தென்றல்77:
சொற்களை விடுங்கள். 2002 செப்டம்பர் 26 அன்று வால்ட்ஸ், மியர்ஷைமர் உள்ளிட்ட 33 பன்னாட்டு உறவுத் துறை அறிஞர்கள், ஈராக்மீது போர் தொடுப்பது அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல என்று நியூயார்க் டைம்ஸில் காசு கொடுத்து விளம்பரம் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றம் போருக்கு அனுமதி வழங்கியது. அரசின் காதில் கோட்பாடு விழுந்த அழகு அதுதான்.

வைகைக்கரையான்:
சொன்னதைக் கேட்கவில்லை என்பது கேட்காதவரின் குற்றம், கோட்பாட்டின் குற்றமன்று.

ஊசிமுனை:
தென்றல் சொன்னதை நான் முன்பே வேறோர் இழையில் எழுதிவிட்டேன். நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கென்னனுக்கே வருகிறேன். சோவியத்தின் விரிவாக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ‘எக்ஸ்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது 1947 ஜூலையில். அதிபர் ட்ரூமன் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் உதவி கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியது மார்ச்சில். கொள்கை முன்னே போயிற்று, அதற்கான விளக்கம் பின்னே வந்தது. கென்னன் அரசியல், பொருளாதார வழிகளில் கட்டுப்படுத்துவதையே பெரிதும் நினைத்திருந்தார். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த பால் நிட்சே 1950-இல் தயாரித்த அறிக்கையோ படைபலத்தைப் பெருக்கச் சொன்னது. அதற்கும் கொரியப் போர் வெடித்த பிறகுதான் பணம் கிடைத்தது. தம் கருத்தைத் திரித்துவிட்டார்கள் என்று கென்னன் பல்லாண்டு புலம்பினார். இத்தனைக்கும் காரணம் அந்த எட்டாயிரம் சொற்களாம். அவற்றிலும் ஏறத்தாழ மூவாயிரத்தைக் காணோம்.

வைகைக்கரையான்:
திரித்தார்கள் என்றால் எடுத்துக்கொண்டார்கள் என்றுதானே பொருள்? மேலும், அது தந்தி நடையில் எழுதப்பட்டது. சிறு சொற்களை விட்டுவிட்டே அனுப்புவார்கள். அவற்றைச் சேர்த்து வாசித்தால் எட்டாயிரம் வரும்.

ஊசிமுனை:
விரித்து வாசித்தால் கம்பராமாயணமும் வரும். ஐயாயிரத்துச் சொச்சம்.

மூன்றாம் வரிசை:
என் கேள்வி அப்படியே நிற்கிறது.

வைகைக்கரையான்:
ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து எண்ணப் போகிறேன்.

ஊசிமுனை:
எண்ணுங்கள். பாண்டுங்கை எண்ணியதுபோல் எண்ணாதீர்கள்.