ஆஷ்லி வில்லியம்ஸ் எப்படி வேல்ஸ் கால்பந்து அணிக்கு வந்தார்?

கேள்வி: 2016 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) காலிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக, சக வீரர் ராம்ஸியின் கார்னரை அவர் தலையால் முட்டி சமன் செய்த கோலை நேற்று மறுபடி பார்த்தேன். பிறந்தது இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில். அப்புறம் எப்படி வேல்ஸ் கேப்டன் ஆனார்?

பதில்: அம்மாவின் அப்பா வேல்ஸ்காரர். தாத்தா பாட்டி வழியாகவும் ஒரு நாட்டுக்கு ஆட விதி இடம் தருகிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் ஏறி வந்த பாதை. வெஸ்ட் ப்ராம் இளையோர் அணி அவரைக் கழற்றிவிட்டது. ஹெட்னஸ்ஃபோர்ட் டவுன் என்ற சின்ன கிளப்பில் ஆடினார். 2003இல் ஸ்டாக்போர்ட், 2008இல் ஸ்வான்சீ. 2011இல் அந்த அணியோடுதான் முதன்முதலாக இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் கால் வைத்தார். அப்போது வயது 26!

இன்னொரு பதில்: 2013 லீக் கோப்பையை விட்டுவிட்டீர்களே. இறுதியில் ஸ்வான்சீ பிராட்ஃபோர்டை 5-0 என வென்றது. நீங்கள் பார்த்த கோலுக்கு ஆறு நாள் முன்பு, வட அயர்லாந்து ஆட்டத்தில் சக வீரரோடு மோதித் தோளில் பலத்த அடி. அவர் ஆட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. அந்தத் தோளோடு வந்துதான் பெல்ஜியத்துக்கு எதிராக எழும்பினார். வேல்ஸ் 3-1.

கேள்வி கேட்டவர்: தோள் விஷயம் எனக்குத் தெரியாது. சரி, அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்க்கப் போகிறேன்.