அவசரம்: இறாலில் வெள்ளைப்புள்ளி நோய், கடற்பாசிச் சாறு எவ்வளவு கலப்பது?

வெள்ளவத்தை மாறன்:
நான் கொழும்பில், இறால் பண்ணை புத்தளம் பக்கம் முந்தலில். நேற்றிலிருந்து இறால் சாகிறது. மன்னாரிலிருந்து காய்ந்த சர்காசம் கடற்பாசி ஒரு மூட்டை வந்திருக்கிறது. அவித்த சாற்றை ஒரு கிலோ தீனிக்கு எவ்வளவு கலக்கலாம்? இன்றே சொல்லுங்கள்.

சிலாபம் நானா:
இறால் எந்த இனம், வனாமியா, கறுப்புப் புலியா? எவ்வளவு வளர்ந்தது? தீனித் தட்டில் மிச்சம் இருக்கிறதா? வைரஸைக் கண்டறியும் பிசிஆர் சோதனை பார்த்தீர்களா?

நீர்ச்சோதனை:
தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு) சொல்லுங்கள். காரத்தன்மை கூடினாலும் ஓட்டில் வெள்ளைப்புள்ளி வரும். நான் எப்போதும் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பேன்.

உப்புக்காற்று:
பழைய இழைகளை வாசித்துவிட்டுக் கேட்டால் என்ன? தம்பி, இறாலுக்கு நமக்குப்போல பிறபொருளெதிரி கிடையாது. சர்காசத்தில் உள்ள ஃபியூகோய்டன் என்ற பொருள் இறாலின் இயல்பான எதிர்ப்பைத் தூண்டும், அவ்வளவுதான். 2004இல் வந்த தாய்லாந்து ஆய்விலும் கறுப்புப் புலிக்கு வைரஸைக் கொடுக்கும் முன்பே ஊட்டத் தொடங்கினார்கள். நோய் பிடித்த இறால் தீனியையே தொடாது. உங்கள் சாற்றை எது தின்னும்?

கல்பிட்டி ராசா:
சூடும் முக்கியம். தண்ணீர் 32, 33 பாகையில் இருந்தால் வனாமியில் சாவு குறையும் என்று ஆய்வுகள் உண்டு.

உப்புக்காற்று:
அது ஆய்வுகூடத் தொட்டியில். முழுக்குளத்தை எதைக் கொண்டு சூடாக்குவீர்கள்?

சிலாபம் நானா:
சண்டையை விடுங்கள். மாறன், தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்! வைரஸ் களப்புக்குப் போனால் பக்கத்துப் பண்ணைக்காரன் அதே தண்ணீரைத்தான் இறைப்பான். நண்டும் வைரஸைக் காவும். 1996இல் இந்தக் கரை முழுக்க இதே நோயால் பட்டது போதாதா?

கல்பிட்டி ராசா:
எல்லோரும் திறக்கிறார்கள், இவர் ஒருவர் அடைத்து என்ன?

சிலாபம் நானா:
அப்படிச் சொல்லித்தான் எல்லோரும் அழிகிறோம், ராசா. குளோரின் போட்டு, வைரஸ் செத்த பிறகுதான் மடையைத் திறக்க வேண்டும். செத்த இறாலை அள்ளிப் புதையுங்கள், காகம் தூக்கிக்கொண்டு போய் அடுத்த குளத்தில் போடும். அப்புறம் அடுத்த முறை குஞ்சு வாங்கும்போதே பிசிஆர் கேளுங்கள். தாயிலிருந்தும் இது இறங்கும்.

நீர்ச்சோதனை:
பிஎச் இன்னும் வரவில்லை.

வெள்ளவத்தை மாறன்:
வனாமி, அரைவாசி வளர்ந்தது. தட்டில் தீனி அப்படியே கிடக்கிறது. பிசிஆரில் வெள்ளைப்புள்ளி வைரஸ்தான். மடை அடைத்தாயிற்று, குளோரின் ஏற்றிய லொறி புறப்பட்டுவிட்டது. சர்காசத்தை அடுத்த குஞ்சு விட்டபின் தொடக்கத்திலிருந்தே கொடுத்துப் பார்க்கிறேன். நன்றி நானா.