கார் டி செல்: ‘யாளி ஏற்பி’யா, ‘ஒட்டேற்பி’யா?

குழுவினருக்கு வணக்கம்.

‘கார்’ (CAR) என்பது ‘கைமெரிக் ஆன்டிஜென் ரிசெப்டர்’ என்பதன் சுருக்கம். புற்றுநோய்ச் செல்லைப் பிடிப்பதற்காக டி செல் என்ற வெள்ளையணுவில் பொருத்தும் செயற்கை ஏற்பி அது. அதற்குத் தமிழில் ‘யாளி ஏற்பி’, ‘ஒட்டேற்பி’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. ‘கைமெரிக்’ என்பதற்கு ‘யாளி’ அழகான பரிந்துரை. கிரேக்கரின் கைமெரா பல விலங்குகள் சேர்ந்த ஓருடல். நம் மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்து யாளியும் அப்படியே. ஆனால் இந்தச் சொல் பாடநூலோடு நிற்காது, ஒப்புதல் படிவத்திலும் ஏறும். உசிலம்பட்டியிலிருந்து வந்து கையெழுத்திடும் தாயிடம், பிள்ளையின் ரத்தத்தில் யாளியை ஏற்றுவதாக எழுதி நீட்ட மனம் வரவில்லை.

இந்த ஏற்பி இயற்கையில் இல்லாதது. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எதிர்ப்பொருளின் பற்றும் நுனி. புற்றுநோய்ச் செல்லின் மேலுள்ள சிடி19 போன்ற குறியைப் பிடிப்பது அதுதான். உள்ளே இருப்பது டி செல்லுக்கே உரிய, அதைத் தூண்டிவிடும் சிடி3 சீட்டா என்ற துண்டு. கூடவே சிடி28 அல்லது 4-1பிபி என்ற துணைத் துண்டு. அந்தத் துணை இல்லாத முதல் தலைமுறைச் செல்கள் உடலில் நீடிக்கவில்லை. ஆகவே ‘துண்டுகளை இணைத்துச் செய்தது’ என்ற பொருள் சொல்லில் தெரிய வேண்டும்.

‘ஒட்டேற்பி’யில் அது தெரிகிறது, நத்தம் பக்கத்து ஒட்டுமாங்கன்றைப் போல. ஆனால் அதே வார்டில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் நடக்கும். அங்கே ‘ஒட்டு’ என்றால் கொடையாளியின் செல். அது நோயாளியின் உடலையே தாக்கக்கூடும். 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார் டி செல் சிகிச்சையோ நோயாளியின் சொந்தச் செல்லில் செய்வது. இரண்டுக்கும் ஒரே சொல் ஆபத்து.

என் பரிந்துரை ‘இணைப்பேற்பி’. ‘கார்’ என்ற சுருக்கத்தை மாற்ற வேண்டாம். செல்கள் வரும் பையின் லேபிளும் நோயாளியின் கோப்பும் ஒத்திருக்க வேண்டும்.

*

ஐயா, ‘இணைப்பேற்பி’ எனக்கும் சரி. கூடவே இரண்டு சொற்கள்.

செல்களை ஏற்றுமுன் ஃப்ளூடராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்துகளைப் பெரும்பாலும் மூன்று நாள் கொடுத்து, உடலில் ஏற்கெனவே உள்ள நிணசெல்களை (டி செல் போன்ற வெள்ளையணுக்களை) குறைப்பதை ‘நிணசெல் அழிப்பு’ என்கிறார்கள். ‘குறைப்பு’ போதும், புதிய செல்கள் பெருக இடம் உண்டாக்குவதே நோக்கம்.

ஏற்றிய செல்கள் வேலை செய்யும்போது சைட்டோகைன் என்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் பெருகும் பக்கவிளைவுக்கு ‘சைட்டோகைன் புயல்’ வேண்டவே வேண்டாம். முதல் நிலையில் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் மட்டுமே இருக்கும். ரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ இறங்கினால்தான் அடுத்த நிலை. ‘புயல்’ என்று படித்தவர்கள் வெறும் காய்ச்சலைப் பொருட்படுத்தாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ‘சைட்டோகைன் பெருக்கு’ என்று வைத்து, ‘காய்ச்சல் கண்டதும் வரவும்’ என்று பக்கத்திலேயே அச்சிடலாம்.

இந்தச் சிகிச்சையால் வரக்கூடிய நரம்புப் பாதிப்பை அறிய நோயாளியைத் தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணவும் சொல்வார்கள். அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும். பழக்கமில்லாத மொழியில் தடுமாறினால், அது மருந்தின் விளைவா மொழியின் விளைவா என்று பிரித்தறிய முடியாது. தாளின் வரைவை நாளை அனுப்புகிறேன், திருத்திக் கொடுங்கள்.