புதுப்பிப்பு: குழியில் கிடைத்தது எலும்பு இல்லைங்க

போன மாசம் போட்ட இழை ஞாபகம் இருக்கா? இங்கிலாந்தில் ஒரு பழைய பிரபு மாளிகைத் தோட்டத்தில், புல்லுக்கடியில் புதைந்த பழைய பாதையைத் தேடி, ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நடக்கும் அகழாய்வு. ஒரு மீட்டர் சதுரக் குழியில் வெள்ளையாக ஒரு குச்சி எடுத்து, எலும்பு என்று அடித்துச் சொல்லியிருந்தேன். வாபஸ். அது புகையிலை பிடிக்கும் களிமண் குழாயின் காம்பு.

பல் பிரஷ்ஷால் கழுவியதும் நடுவில் ஓட்டை தெரிந்தது. மேற்பார்வையாளர் சிரிக்காமல், ஓட்டையை அளக்க டிரில் பிட் பெட்டியை நீட்டினார். ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1954-ல் சொன்ன வழி இது: காலம் போகப் போக காம்பின் ஓட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. 1600 வாக்கில் அங்குலத்தை 64 கூறாக்கினால் 9 கூறு, 1750-க்குப் பிறகு 4. என் துண்டில் 5 கூறு பிட் நுழைந்தது, 6 நுழையவில்லை. அப்படியானால் 1710–1750 வாக்கு. ஒற்றைத் துண்டை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது, நிறையக் கிடைத்தால்தான் கணக்கு நிற்கும். யாரோ தோட்டக்காரர் இழுத்துவிட்டு வீசியது என்றே நான் நம்பிக்கொள்கிறேன்.

"புல்லுக்கடியில் பாதை இருப்பது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டவருக்கு: வெயில்தான். அடியில் சரளை இருந்தால் அதன்மேல் உள்ள புல் முதலில் காயும். 2018 கோடை வறட்சியில், டெர்பிஷயரின் சாட்ஸ்வொர்த் மாளிகைப் புல்தரையில், 1699-ல் அமைத்து 1730-ல் மூடிய பூந்தோட்டம் கோலம் போட்டதுபோலத் தெரிந்தது.

குழியை மூடியாச்சு. புல்கட்டிகளை எடுத்த வரிசையிலேயே திருப்பி வைத்தோம். என் மூலை மட்டும் கொஞ்சம் மேடு.