கப்பல் ஏன் முங்கல? (ரங்கூன் வீட்டு வாட்ஸ்அப் குழு)

அக்கா: யாராச்சும் வாங்க. ஆத்துக்கு அக்கரை தலாவுக்குப் படகுல போறப்ப சின்னவ கேக்குறா, "ஆணி குட்டியூண்டு, அது முங்குது. இவ்ளோ பெரிய படகு ஏம்மா முங்கல?" கனமானதுதான் முங்கும்னு பெரியவன் வேற பாடம் எடுத்து வச்சிருக்கான்.

மாமா: உள்ள காத்து இருக்கு, மிதக்குது. முடிஞ்சுது.

அத்தை: முடியலங்க. மெழுகுவத்தித் துண்டைத் தண்ணியில போட்டுப் பாருங்க. அதுல எங்க காத்து? ஆனா மிதக்கும்.

மாமா: டீச்சரம்மா வந்தாச்சு. நான் டீ குடிக்கப் போறேன்.

அக்கா: அத்தை, அஞ்சு வயசுக்குப் புரியணும். அடர்த்தி கிடர்த்தின்னா ஓடிருவா.

அத்தை: அந்த வார்த்தையே வேண்டாம். பக்கெட்ல முக்கால்வாசி தண்ணி பிடி. காலிச் சொம்பை நிமித்தி வச்சு, உள்ள தண்ணி போகாம அவ கையாலேயே அமுக்கச் சொல்லு. கையை மேல தள்ளும். "யாரு தள்ளுறா?"ன்னு கேளு. அமுக்க அமுக்கத் தள்ளுறதும் கூடும், பக்கெட்ல தண்ணியும் ஏறும். ரெண்டையும் சேர்த்துக் காட்டு. எவ்வளவு தண்ணிய நாம ஒதுக்குறோமோ, அந்தத் தண்ணியோட கனம் அளவுக்கு அது திருப்பித் தள்ளும். ஆர்க்கிமிடிஸ் சொன்னது இதான். பேரு பெரியவனுக்கு மட்டும் போதும்.

நான்: அப்ப படகு?

அத்தை: இரும்புதான், ஆனா வயிறு பெருசு. நிறைய தண்ணிய ஒதுக்குது. ஆணி ஒதுக்குறது சொட்டுத் தண்ணி. களிமண்ணை உருட்டிப் போட்டா முங்கும். அதையே கிண்ணமாத் தட்டி மெதுவா வை, நிக்கும். போடுறதுக்கு முன்னாடி "முங்குமா, மிதக்குமா?"ன்னு கேட்டுக்க. தப்பாச் சொன்னா நீ திருத்தாத, பக்கெட் திருத்தும்.

பெரியப்பா: தேக்கு மிதக்குமா, சொல்லுங்க பாப்போம்.

நான்: மரம்தானே, மிதக்கும்.

பெரியப்பா: பச்சையா வெட்டினா முங்கிரும். அதான் அந்தக் காலத்துல வெட்டுறதுக்கு முந்தியே அடிமரத்துல சுத்தி வளையமா, பட்டையோட அதுக்கு அடுத்த வெள்ளைக்கட்டையையும் சேத்துச் செதுக்கி விட்டுருவாங்க. நின்ன வாக்குலயே ரெண்டு மூணு வருஷம் காயும். அப்புறம்தான் கோடாலி. யானை ஓடைக்கரை வரை இழுத்துப் போடும். மழை வெள்ளம் வந்தா ஆத்துக்குப் போகும், அங்க தெப்பமாக் கட்டி மரம் அறுக்கிற மில்லுக்கு விடுவாங்க. உங்க தாத்தா மோல்மீன் ஊரு மில்லுல மரம் அடுக்குனவரு. பியின்கடோ மரம் இன்னும் மோசம், மூங்கிலைச் சேத்துக் கட்டுனாத்தான் மிதக்கும்.

அத்தை: அண்ணே, இதைப் பிள்ளைங்களுக்கே சொல்லுங்க! அதே மரம், கிட்டத்தட்ட அதே பருமன். உள்ள இருந்த ஈரம் போயி எடை குறைஞ்சுது, ஒதுக்குற தண்ணி குறையல. அதான் மிதக்குது.

அக்கா: ஞாயித்துக்கிழமை வீடியோ கால் போடுறேன் பெரியப்பா. பெரியவன் இன்னும் "கனமானதுதான் முங்கும்"னு நிக்கிறான்.

அத்தை: அவனுக்கு ஆரஞ்சு குடு. தோலோட மிதக்கும், உரிச்சா முங்கும். தோலோட இருக்கறப்பதானே கனம் கூட? என்ன சொல்றான்னு பாப்போம். தோலுக்குள்ள பஞ்சு மாதிரி காத்து நிறைய.

மாமா: காத்துன்னு நானும்தான் சொன்னேன்.

அத்தை: ஆரஞ்சுக்குச் சரிங்க. மெழுகுவத்திக்கு?

அக்கா: முங்கிருச்சு!! ஆனா நம்ப மாட்டேங்கிறான். ஷான் மாநிலத்துப் பக்கத்துலருந்து வந்த ஆரஞ்சுப் பையில ஒண்ணு விடாம உரிச்சுக்கிட்டு இருக்கான்.

மாமா: உரிச்சதை இங்க அனுப்பு.

அத்தை: முடிஞ்சதும் பக்கெட்டைக் கவுத்திரு. அரைப் பக்கெட் தண்ணின்னாலும் சின்னவளை அது பக்கத்துல தனியா விடாத.