எம்.எஸ்.ஸுக்கு ரத்தத்தில் டிஎன்ஏ டெஸ்ட்: பார்த்தவங்க, எடுத்தவங்க சொல்லுங்க

பாலக்கோட்டுத் தம்பி:
எங்க அக்காவுக்கு மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. ஒருநாள், "வலது கண்ணுல பார்த்தா பழமெல்லாம் வெளுத்த செங்கல் மாதிரி இருக்குடா"ன்னாங்க. கண்ணை உருட்டினா வலி. சில வாரத்தில் பார்வை திரும்பிருச்சு. அடுத்த வருஷம் இடுப்புக்குக் கீழே மரத்துப் போச்சு. தருமபுரியில் பார்த்த டாக்டர் அந்தக் கண் விஷயத்தைக் கேட்டதுமே பெங்களூருக்கு எழுதிக் கொடுத்துட்டார். எம்.ஆர்.ஐ.யில் மூளையிலும் தண்டுவடத்திலும் வெள்ளைத் திட்டு. முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் ஆலிகோகுளோனல் பேண்ட், அதாவது எதிர்ப்புப் புரதக் கோடுகள். எம்.எஸ்.தான்னு உறுதியாச்சு. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்பைத் தாக்குற நோய்.

இப்போ அக்கா வீட்டுக்காரர், எங்க மாமாவுக்கு, மகளைப் பத்திக் கவலை. ரத்தம் கொடுத்தா டிஎன்ஏ பார்த்து இந்த நோய் வருமான்னு சொல்லிடுவாங்கன்னு யாரோ விளம்பரம் அனுப்ப, நகையை அடகு வைக்கவும் தயார். நரம்பு டாக்டர் கிட்ட கேட்டேன். எச்எல்ஏ-டிஆர்பி1 15:01ன்னு ஒரு மரபணு வகை இருக்காம். அது இருந்தா வாய்ப்பு சுமார் 3 மடங்கு கூடும். ஆனா அது இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நோய் வர்றதே இல்ல, இல்லாதவங்களுக்கும் வருது. டிஎன்ஏ அப்படியே ஒத்துப்போற ஒற்றைக் கரு இரட்டையர்லகூட, ஒருத்தருக்கு வந்தா மத்தவருக்கு வர்றது ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்குத்தான். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கிருஷ்ணகிரி லேப்காரர்:
தம்பி, ரெண்டு டெஸ்டைப் போட்டுக் குழப்புறாங்க. உங்க டாக்டர் சொன்னது பிறவியிலேயே வர்ற டிஎன்ஏ. அது கடைசி வரைக்கும் மாறாது, நோய் இன்னைக்கு இருக்கான்னும் சொல்லாது.

இன்னொண்ணு, செத்த செல்லிலிருந்து ரத்தத்தில் மிதந்து வர்ற டிஎன்ஏ துணுக்கு. எனக்குப் பிடிச்ச விஷயமே இதுதான். எம்.எஸ்.ல நரம்பைச் சுத்தியிருக்கிற மையலின் உறை அழியுது. அதை உண்டாக்குற ஆலிகோடெண்ட்ரோசைட் செல்லும் சாகுது. எல்லா செல்லுலயும் டிஎன்ஏ எழுத்து ஒண்ணுதான். ஆனா அது மேல ஒட்டியிருக்கிற மீத்தைல்ங்கிற சின்ன ரசாயனக் குறி செல்லுக்கு செல் மாறும். மாக் (MOG) மாதிரி மையலின் மரபணுக்கள்ல மத்த செல்களில் குறி இருக்கும், இந்தச் செல்லில் இருக்காது. குறியில்லாத துணுக்கு ரத்தத்தில் கூடினா உள்ளே அந்தச் செல் செத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். 2016ல அமெரிக்காவின் வின்த்ரப் பல்கலைக்கழக மருத்துவமனை, இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழக ஆட்கள் தனித்தனியா இதைக் காட்டினாங்க.

சிக்கல் என்னன்னா, துணுக்கு ரொம்பக் கொஞ்சம், சீக்கிரம் கரைஞ்சும் போயிடும். ட்யூப்ல இருக்கிற ரத்தத்திலிருந்து பிளாஸ்மாங்கிற நீர்ப்பகுதியை நேரத்துக்குப் பிரிக்காம விட்டா வெள்ளணு உடைஞ்சு அதோட டிஎன்ஏ எல்லாத்தையும் மூழ்கடிச்சுடும். ராத்திரி பஸ்ஸில் பெங்களூருக்கு சாம்பிள் அனுப்புறவன் நான், அதனால சொல்றேன். நோயை உறுதி செய்ய டாக்டர்கள் பார்க்கிற மெக்டொனால்ட் விதிகளில் இந்த டெஸ்ட் கிடையாது. ஆராய்ச்சிக்குப் பயன்படுது, அவ்வளவுதான்.

அரூர் அக்கா:
எனக்கும் கண்ணுலதான் ஆரம்பம். முதல்ல எம்.எஸ்.னு சந்தேகப்பட்டாங்க. ரத்தத்தில் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி எடுத்தப்புறம்தான் என்.எம்.ஓ.ன்னு தெரிஞ்சது, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குற வேற நோய். அது டிஎன்ஏ டெஸ்ட் இல்ல, 2004ல கண்டுபிடிச்ச ஆன்டிபாடி. இன்டர்பெரான் மாதிரி எம்.எஸ். மருந்து எங்களுக்குக் கொடுத்தா நோய் கூடலாம். அதனால எம்.எஸ்.னு சொன்ன யாராவது இதை எடுக்காம இருந்தா டாக்டர் கிட்ட கேளுங்க, மாக் ஆன்டிபாடியையும் சேர்த்து. ரத்தத்துக்குப் பணம் செலவழிக்கணும்னா இதுக்குச் செலவழிங்க.

அப்புறம் தம்பி, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் எம்.எஸ். பேரோட இருக்கு. அக்காவுக்கு அட்டை வாங்கிட்டீங்களா?

பாலக்கோட்டுத் தம்பி:
ரொம்ப நன்றிங்க. அக்வாபோரின் அக்காவுக்கு எடுத்தாச்சு, நெகட்டிவ். அட்டைக்கு எழுதிக் கொடுக்கணும்.

மாமா கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். எம்.எஸ். உள்ள அம்மாவோட பிள்ளைகள்லயும் நூத்துல ரெண்டு மூணு பேருக்குத்தான் வருதுன்னு டாக்டர் சொன்னதையும் சொன்னேன். பொண்ணுக்கு உருப்படியா செய்யணும்னா வீட்டுக்குள்ள புகை கூடாது, சிகரெட்டோ பீடியோ எம்.எஸ். வாய்ப்பைக் கூட்டும்னாரு. மாமா கொஞ்ச நேரம் பேசல. நகையை வைக்கலடா, உங்க அக்காவோட அடுத்த எம்.ஆர்.ஐ.க்குப் பார்த்துக்கலாம்னு சொன்னாரு. அவர் பீடிப் பழக்கத்தை நிறுத்த மாத்திரை ஏதும் இருக்கான்னு யாருக்காவது தெரிஞ்சா எழுதுங்க.